ஸ்டோர் ரூம் சாவி



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்னு கலக்கிக்கிட்டு உட்காருங்க. எழுதி மூனு வாரமா போன்லயே கிடந்துச்சு. போடலாமா வேணாமான்னு ஒரே யோசனை. போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தப்ப ஒரு அக்கா பக்கத்துல வந்து நின்னாங்க. "தம்பி, என் மகன் நாலு மாசமா ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறான். வேலையையும் விட்டுட்டான். எந்தக் கோயில்ல என்ன பரிகாரம் செஞ்சா சரியாகும்?"னு கேட்டாங்க. அவங்ககிட்ட அரை மணி நேரம் நின்னு பேசினேன். அன்னிக்குச் சொன்னதையும் சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்க எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல. 1987-ல் எஸ்.பி.எம். முடிச்சவன். 35 வருசமா தொழிற்சாலை வேலை, அதுல பாதிக்கு மேல சூப்பர்வைசர். கோயில்ல சமையல்கட்டுத் தொண்டு. எனக்குத் தெரிஞ்சது என் லைனும் கோயில் அடுப்பும்தான். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

2019. பிறையில நான் வேலை செஞ்ச பழைய கம்பெனி. என் லைன்ல 24 வயசுல ஒரு தம்பி இருந்தார். நல்ல சுறுசுறுப்பு, ஓ.டி. கூப்பிட்டா முதல் ஆளா நிப்பார். கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டார். வாரம் ஒரு எம்.சி., லேட்டு, கண்ணு முன்னாடி நிக்கிற போர்டைக்கூடப் பார்க்காம வேற எங்கேயோ பார்ப்பார். ஒரு நாள் நைட் ஷிப்டு, ராத்திரி 2 மணி ரெஸ்ட். கேண்டீன்ல எதிர்ல வந்து உட்கார்ந்து, "அண்ணே, எனக்கு எதுலயும் மனசே போகல. எந்திரிச்சாலே பயமா இருக்கு. எதுக்குப் பயம்னு தெரியல"ன்னார்.

அந்த வயசுப் பையன் சூப்பர்வைசர்கிட்ட வந்து அப்படி ஒரு வார்த்தை சொல்லணும்னா எத்தனை நாள் யோசிச்சிருப்பார்? அன்னிக்கு எனக்கு அது தோணல. ரொட்டியைக் கடிச்சிக்கிட்டே பதில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போ. எல்லாம் சரியாயிடும். எங்கப்பா தோட்டத்துல 4 மணிக்கு எந்திரிச்சு மரம் வெட்டி எங்க ஆறு பேரை வளர்த்தார், அவருக்கு மனசு போகலன்னு சொல்ல நேரம் இருந்துச்சா?" அவர் "சரிண்ணே"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். ஒரு மாசம் கழிச்சு, லீவு அதிகம்னு நானே வார்னிங் லெட்டரும் கொடுத்தேன்.

அதுக்கு ஆறு வாரத்துல அவர் ஒரு தப்பான முடிவுக்குப் போயிட்டார். அவங்க அக்கா நேரத்துக்குப் பார்த்ததால பிழைச்சார். ஆஸ்பத்திரியில யார் கேட்டாலும் குடும்பத்துல "விபத்து"ன்னுதான் சொன்னாங்க. அப்ப நம்ம நாட்டுச் சட்டத்துல உயிரை விட முயற்சி பண்றதே குற்றம். தண்டனைச் சட்டம் 309-வது பிரிவு. உடம்புக்குச் சிகிச்சை கேக்கவே பயப்படணும், மனசுக்கு எங்க கேக்கிறது? 2023-லதான் அந்தப் பிரிவை நாடாளுமன்றம் எடுத்துச்சு. நான் விபூதிப் பொட்டலம் கொண்டு போயிருந்தேன். அவரே வாங்கி நெத்தியில வச்சுக்கிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லல.

"அந்தக் காலத்துல நமக்கெல்லாம் டிப்ரஷன் ஏது?"ன்னு இப்பவும் நம்ம பெரியவங்க சொல்றாங்க. நானும் சொன்னவன்தான். கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. நான் பிறந்தது கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல. எங்க லயத்துல மட்டும் எத்தனை பேர் திடீர்னு இல்லாம போனாங்க. சின்னப் பசங்க நாங்க கேட்டா, "வயித்து வலி தாங்காம போயிட்டான்"னு சொல்லுவாங்க. கிராணியும் அப்படித்தான் எழுதுவார்னு சொல்லுவாங்க. பொம்பளைங்கன்னா "சாமி குத்தம்" இல்லன்னா "காத்து கருப்பு". ஆம்பளைங்களுக்குக் கள்ளுக்கடை. நோய் அப்பவும் இருந்துச்சு. பேருதான் வேற.

ஆனா இன்னொன்னும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். காலையில பெரட்டுக்கு ஒருத்தர் வரலன்னா கங்காணி ஆள் அனுப்புவார். அவருக்கு அன்பு ஒன்னும் கிடையாது, ஆள் கணக்குதான். ஆனாலும் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டுவான். சாயங்காலம் ஒரு வீட்டு அடுப்பு புகையலன்னா பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிடும். 80-ல், 90-ல் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தாங்க, எங்களை ஆளுக்கு ஒரு பக்கமா அனுப்பிட்டாங்க. நான் 13-வது மாடி பிளாட்டுல குடியேறினேன். கேஸ் அடுப்புல புகையும் வராது. இரும்புக் கேட்டுக்கு உள்ள ஒரு மனுசன் மூனு நாள் படுத்துக் கிடந்தாலும் எதிர் வீட்டுக்குத் தெரியாது.

இனி என் கதை.

2023-ல் எங்க லைனை வேற நாட்டுக்கு மாத்தப் போறதா கம்பெனியில சொன்னாங்க. நல்ல முறையாத்தான் சொன்னாங்க. வருசத்துக்கு 20 நாள் சம்பளம்னு சட்டப்படி சேர வேண்டிய தொகையும் வந்துச்சு. ஆனா எனக்கு 53 வயசு. வீட்டுக் கடன் இன்னும் ஏழு வருசம். மக பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருசம். 34 வருசம் போட்ட யூனிபார்மை மடிச்சு ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு மோட்டார்ல தொங்கவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரம்மா, "விடுங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க"ன்னாங்க. எடுத்தேன். அங்கதான் வினை.

மூனாவது வாரம், ராத்திரி 3 மணி. நெஞ்சு இறுகுது, கை மரத்துப் போகுது, மூச்சு பாதியில நிக்குது. போச்சு, ஹார்ட் அட்டாக்னு நினைச்சேன். வீட்டுக்காரம்மா கிராப் கூப்பிட்டு எமெர்ஜென்சிக்குக் கொண்டு போனாங்க. இ.சி.ஜி. எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. இருதயத்துல ஒன்னும் இல்ல. அடுத்த பத்து நாள்ல திரும்பவும் அதே. இரண்டாவது தடவை பார்த்த இளம் டாக்டர், சீனப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், திரையை இழுத்து மூடிட்டு மெதுவா கேட்டாங்க: "அங்கிள், வீட்டுல, வேலையில ஏதாச்சும் கவலையா?" 53 வயசு ஆம்பள, சட்டையில்லாம அந்தக் கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு அழுதேன்.

அங்கேர்ந்து அரசாங்க கிளினிக்குக்கு லெட்டர் கொடுத்தாங்க. இங்க பல பேருக்குத் தெரியாத விசயம் இது. நம்ம கிளினிக் கெசிஹாத்தான்ல இரத்த அழுத்தம், இனிப்பு நீர் பார்க்கிற மாதிரி மனசுக்கும் சோதனை இருக்கு. 21 கேள்வி உள்ள ஒரு தாள். போன ஒரு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு 0-லேர்ந்து 3 வரைக்கும் போடணும். மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல்னு மூனா பிரிச்சுக் கணக்குப் போடுவாங்க. பைத்தியம்னு யாரும் முத்திரை குத்தமாட்டாங்க. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. எனக்குப் பதற்றம் ரொம்ப மேல, சோர்வு நடுத்தரம்னு வந்துச்சு. மாத்திரை கொடுத்தாங்க. முதல் ரெண்டு மூனு வாரம் ஒன்னும் தெரியாது, விட்டுடாதீங்கன்னு முன்னாடியே சொன்னாங்க. பல பேர் அந்த மூனு வாரத்துலதான் தூக்கிப் போட்டுடறாங்களாம்.

கவுன்சிலிங்க்கு ஒரு புவான் இருந்தாங்க. மலாய்க்காரங்க, 40 வயசிருக்கும். முதல் நாளே, "பாங், உங்களுக்கு ஹராப்பான் இருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் நெஞ்சை நிமிர்த்தி, "இருக்கு, நான் முருக பக்தன்"னேன். அவங்க சிரிச்சிட்டு, "அது கெபெர்சாயாஆன். நல்லது, விடாதீங்க. நான் கேட்டது ஹராப்பான்"னாங்க.

அப்பதான் எனக்கு ஒன்னு உறைச்சுது. நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் நம்பிக்கைன்னு ஒரே சொல்லு. சாமி மேல வைக்கிறதும் நம்பிக்கை, நாளைக்கு ஒரு வழி பிறக்கும்னு நினைக்கிறதும் நம்பிக்கை. அதனாலதான் சாமி கும்பிடுறவனுக்கு மனசு உடைஞ்சா, "உனக்கு நம்பிக்கை பத்தல"ன்னு சுலபமா சொல்லிடறோம். அவன் பக்தியில குறை ஒன்னும் இருக்காது. நாளைக்குக் காலையில எந்திரிச்சு எந்தப் பக்கம் போறதுன்னுதான் அவனுக்குத் தெரியாது.

அவங்க விளக்கம் சொன்னாங்க. ஸ்னைடர்னு அமெரிக்காவுல ஒரு உளவியல் பேராசிரியர் இதையே ஆராய்ச்சி பண்ணினாராம். அவர் கணக்குப்படி "எல்லாம் சரியாயிடும்"னு நினைக்கிறது ஹராப்பான் இல்ல. ஒரு குறி இருக்கணும். அதுக்குப் போக வழி தெரியணும், ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. அந்த வழியில என்னால நடக்க முடியும்ங்கிற தெம்பும் வேணும். வழியும் தெம்பும் ரெண்டும் சேர்ந்ததுதான். தெம்பு மட்டும் இருந்து வழி தெரியலன்னா சுவத்துல முட்டிக்கிட்டே இருப்போம். வழி மட்டும் தெரிஞ்சா படுக்கையை விட்டு எந்திரிக்கவே மாட்டோம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க லைன் போர்டுதான் ஞாபகம் வந்துச்சு. தொழிற்சாலையில வேலை செய்றவங்களுக்குத் தெரியும். மாசத்துக்கு இத்தனை லட்சம் பீஸ்னு மேனேஜர் மீட்டிங்ல சொல்லுவார். ஆனா லைன்ல தொங்குற போர்டுல அது இருக்காது. மணிக்கு மணி கணக்குதான். 8-லேர்ந்து 9 வரைக்கும் போட வேண்டியது 120, போட்டது 97, பக்கத்துல காரணம். மெசின் நின்னுச்சு, சாமான் வரல. 23 குறைஞ்சதுக்கு யாரும் தலையில கை வச்சு உட்கார மாட்டோம். அடுத்த ரெண்டு மணி நேரத்துல எப்படிப் பிடிக்கிறதுன்னு ரிகவரி பிளான் போடுவோம். 34 வருசமா தினமும் இதைச் செஞ்சவன் நான். என் சொந்த லைன் நின்னப்ப மட்டும், ஏழு வருச வீட்டுக் கடனை ஒரே ராத்திரியில 3 மணிக்குக் கட்டி முடிக்கப் பார்த்திருக்கேன்.

புவான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னாங்க. தினமும் ராத்திரி மறுநாளுக்கு ஒரே ஒரு வேலை. பெரிசா இருக்கக் கூடாது. முதல் பக்கம் இன்னும் இருக்கு: "நாளைக்கு சொக்சோ ஆபீஸ் போகணும்." வேலை போனவங்களுக்கு சொக்சோவுல இ.ஐ.எஸ். திட்டம் இருக்கு. வேலை போன 60 நாளுக்குள்ள பதியணும். முதல் மாசம் பதிஞ்ச சம்பளத்துல 80 சதவீதம், அப்புறம் படிப்படியா குறைஞ்சு ஆறு மாசம் வரைக்கும் கிடைக்கும். இத்தனை வருசம் நம்ம சம்பளத்துலேர்ந்து பிடிச்ச காசுதான். நான் அந்தத் தாளையே எடுக்காம 40 நாளைக்கு மேல வீட்டுல கூரையைப் பார்த்துக்கிட்டு கிடந்தேன். இரண்டாவது பக்கம்: "முடி வெட்டணும்." மூனாவது பக்கம் ஒன்னும் இல்ல, அன்னிக்கு எழுத முடியல. அப்படி நிறையப் பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. தெம்பு அதுவா வரல.

தெம்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அது எங்க கோயில் சமையல்கட்டுப் பெரியம்மாகிட்டேர்ந்து.

70 வயசுக்கு மேல. தோட்டத்துல பால் வெட்டின கை. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அவங்கதான் தலைமை, தலைவர் செயலாளர் எல்லாம் அந்தக் கட்டுக்கு வெளியதான். ஒரு நாள் பூஜைக்குப் போயிட்டு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். பெரியம்மா கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க. என்ன ஏதுன்னு கேக்கல. "தம்பி, 15 கிலோ உருளைக்கிழங்கு உரிக்க ஆள் இல்ல. உட்காரு"ன்னாங்க. உரிச்சேன். மறு வாரமும் உரிச்சேன். மூனாவது வாரம் கிளம்பும்போது ஸ்டோர் ரூம் சாவியை என் கையில கொடுத்து, "இனி நீதான் காலையில 5.30-க்குத் திறக்கணும். எனக்கு முட்டி வலி, சீக்கிரம் வர முடியல. அரிசி பருப்பு எல்லாம் உள்ளதான் இருக்கு. மறந்துடாதே"ன்னாங்க.

எனக்குப் பிடிக்கல. எதுக்கு நம்ம தலையில கட்டுறாங்கன்னு எரிச்சல்தான் வந்துச்சு.

அதுக்கு அடுத்த வியாழக்கிழமை ஒரு இன்டர்வியூ போனேன். உள்ள இருந்த பையனுக்கு முப்பது வயசுகூட இருக்காது. "அங்கிள் வயசுக்கு நைட் ஷிப்டு தாங்குமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அன்னிக்கு ராத்திரி பூரா திரும்பவும் நெஞ்சு அடைச்சுது. விடிஞ்சும் எந்திரிக்கல. போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கிட்டேன். 5.40-க்கு போன் அடிச்சுது. பெரியம்மா. "தம்பி, அரிசி உள்ள இருக்கு. சாவி உன்கிட்ட இருக்கு. 200 பேருக்கு உலை வைக்கணும்." அவ்வளவுதான், வச்சிட்டாங்க.

இப்ப யோசிச்சா, அன்னிக்கு யாராச்சும் போன் பண்ணி "தைரியமா இருங்க, எல்லாம் நல்லதுக்கே"ன்னு சொல்லியிருந்தா நான் "சரி"ன்னு சொல்லிட்டு மறுபடி போர்வையை இழுத்திருப்பேன். தினமும் காலையில பூப்படத்தோட வாட்ஸ்அப்ல வர்ற தன்னம்பிக்கை வாசகத்தை நாம அப்படித்தானே தள்ளிவிடுறோம். ஆனா அரிசியை அப்படித் தள்ளிவிட முடியல. அவசரமா தலைக்கு ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டு ஓடினேன். சட்டையை உள்பக்கம் வெளிய வச்சுப் போட்டிருந்ததை உலை கொதிச்ச பிறகுதான் யாரோ சொன்னாங்க.

அந்த வேலை எனக்கு எப்படி மருந்தாச்சுன்னு அப்ப புரியல. போன வருசம் எங்க மண்டபத்துல ஒரு உளவியல் ஆலோசகர் வந்து பேசினாங்க, அன்னிக்குப் புரிஞ்சுது. ஹவாயில கவாய்னு ஒரு தீவு. கரும்புத் தோட்டத் தீவு. அங்க 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர்னு ஒரு அம்மாவும் கூட இருந்தவங்களும் 40 வயசு வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்களாம். வறுமை, குடிகார அப்பா, மனநலம் சரியில்லாத அம்மான்னு பல கஷ்டம் ஒன்னா சேர்ந்த பிள்ளைகள்ல மூனுல ரெண்டு பங்கு ஏதாவது சிக்கல்ல மாட்டினாங்க. ஆனா மூனுல ஒரு பங்கு நல்லா வளர்ந்தாங்க. எப்படின்னு பார்த்தா, அவங்களுக்கு விடாம பிடிச்சுக்க ஒரு பெரியவங்களாவது இருந்திருக்காங்க. பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருத்தர். இன்னொன்னும் சொன்னாங்க: அந்தப் பிள்ளைகள்ல பல பேருக்கு வீட்டுல ஒரு பொறுப்பு இருந்துச்சாம். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கிறது மாதிரி. நாம இல்லன்னா ஒரு வேலை நிக்கும்ங்கிற பொறுப்பு. சிக்கல்ல மாட்டின பிள்ளைகள்லயும் நிறைய பேர் முப்பது வயசுக்கு மேல எந்திரிச்சு வந்திருக்காங்க.

கரும்புத் தோட்டம்னதும் எனக்கு எங்க ரப்பர்த் தோட்டம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்படியே திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தேன். அவங்க பேச்சைக் கேக்கல, கூட்டத்துக்கு டீ போதுமான்னு தலையை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

இதுக்கு முன்னாடி ஒரு விசயம் நடந்துச்சு. 2024 தைப்பூசத்துக்கு முந்தின வாரம், தண்ணீர்ப்பந்தல் சாமான் எடுக்க ஸ்டோரைத் திறக்கணும். நான் வர லேட்டாயிடுச்சு. வந்து பார்த்தா கதவு திறந்திருக்கு, பெரியம்மா உள்ள நிக்கிறாங்க, முந்தானை முடிச்சுல ஒரு சாவி தொங்குது.

"பெரியம்மா, இன்னொரு சாவி இருந்துச்சா?"

"ஒரு சாவியை நம்பி யாராச்சும் 200 பேருக்கு உலை வைப்பாங்களா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அவங்க சிரிக்கல. சர்பத் பாட்டிலை எண்ணிக்கிட்டே சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரருக்கும் வயித்து வலின்னுதான் எழுதினாங்க. முந்தின நாள் ராத்திரி, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, நாளைக்குப் போகாதேன்னு சொன்னார். ஒரு நாள் சம்பளம் போயிடுமேன்னு நான் பெரட்டுக்குப் போயிட்டேன்." 40 வருசத்துக்கு மேல ஆச்சு. அவங்க மகனுக்கே முழுசா சொன்னதில்லையாம். அதுக்கு மேல நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. பாட்டிலைத் தூக்கி வண்டியில ஏத்தினோம்.

அந்தத் தைப்பூசத்துல தண்ணீர்மலைப் பாதையில எனக்கு நடுராத்திரி ஷிப்டு. காவடி எடுக்கிறவங்களை வருசா வருசம் பார்க்கிறேன். அன்னிக்குத்தான் வேற மாதிரி பார்த்தேன். மேல 500-க்கும் அதிகமான படி. தனியா ஏறுற காவடியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. முன்னாடி உறுமி அடிக்கிறவன், பின்னாடி ஸ்டூல் தூக்கிக்கிட்டு ஒரு மச்சான், தண்ணி வச்சுக்கிட்டு ஒரு தங்கச்சி, "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்"னு கத்திக்கிட்டே ஒரு சித்தப்பா. கால் நடுங்கினா ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பாங்க. உட்கார்ந்தவரை யாரும் பக்தி இல்லாதவன்னு சொல்லமாட்டாங்க. மனசு உடைஞ்சவனுக்கு மட்டும் ஏன் நாம ஸ்டூல் போடமாட்டேங்கிறோம்?

மாத்திரையும் ஸ்டூல் மாதிரிதான். நான் ஒரு வருசம் கிட்ட போட்டேன். டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், நானா நிறுத்தல. முருகனைக் கும்பிட்டுட்டுத்தான் தினமும் போட்டேன். விரதத்தப்பவும் நிறுத்தல. குருக்கள்கிட்டயே கேட்டேன், "மருந்து மருந்துதான், சாப்பிடுங்க"ன்னுட்டார்.

2024 நடுவுல வேலை கிடைச்சுது. சின்னக் கம்பெனி, சம்பளம் பழைய சம்பளத்துல முக்கால் பங்கு. மறுபடி சூப்பர்வைசர். பயம் முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். இப்பவும் சில ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வரும். எந்திரிச்சுத் தண்ணி குடிச்சிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாளைக்கு ஒரு வேலை எழுதுவேன். சில நாள் தூக்கம் வரும். சில நாள் வராது, அப்படியே வேலைக்குப் போவேன்.

2023-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய்னு வந்திருக்கு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 2019-ல் அது 2.3 சதவீதம். எனக்குப் பெரிய கணக்கு புரியாது, என் ஷிப்டுக்கு மாத்திப் பார்த்தேன். 200 பேர்ல ஒம்பது பேர். இப்பல்லாம் யாராவது தொடர்ந்து எம்.சி. எடுத்தா லெட்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி கேண்டீன்ல கூட உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறேன். ரொட்டியைக் கீழ வச்சிட்டுக் கேக்கிறேன்.

அந்த அக்காகிட்ட சொன்னது இதுதான். பரிகாரம் அப்புறம் பார்க்கலாம்கா, முதல்ல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. வரமாட்டேன்னா நீங்க மட்டும் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு அவங்களே வழி சொல்லுவாங்க. "உனக்கு என்னடா குறை?"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. அந்தக் கேள்வியை அவனே தன்னை ஆயிரம் தடவை கேட்டிருப்பான். கதவுக்கு வெளிய தட்டை வச்சிட்டுப் போகாம, முடிஞ்சா கூட உட்கார்ந்து சாப்பிடுங்க, பேசாட்டியும் பரவால்ல. சாகணும்னு ஒரு வார்த்தை வாயில வந்தா அது சும்மா சொல்றதுன்னு விட்டுடாதீங்க, தனியா விடாம நேரா எமெர்ஜென்சிக்குப் போங்க. ராத்திரியில யாரும் இல்லன்னா பிஃப்ரெண்டர்ஸ் இருக்காங்க, 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. நம்பரை அவங்க போன்ல நானே பதிஞ்சு கொடுத்தேன். இதைப் படிக்கிறவங்களும் பதிஞ்சு வச்சுக்குங்க, நமக்கு இல்லன்னாலும் பக்கத்து வீட்டுக்கு உதவும்.

2019 தம்பியைப் பத்திக் கேப்பீங்க. இப்ப ஜொகூர்ல லாரி ஓட்டுறார். கல்யாணம் ஆயிடுச்சு. சிகிச்சையை விடல. இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னாடி அவருக்குத்தான் முதல்ல அனுப்பினேன், மன்னிப்பும் கேட்டேன். இத்தனை வருசத்துல நேரா கேக்க எனக்கு வாய் வரல. ரெண்டு நாள் பதில் இல்ல. அப்புறம் வந்துச்சு. "போடுங்கண்ணே. பேரு மட்டும் வேணாம். வார்னிங் லெட்டர் கொடுத்ததை விட்டுட்டீங்களே, அதையும் எழுதுங்க." அது உண்மைதான். முதல்ல எழுதினப்ப அதை விட்டுட்டேன். மேல இருக்கிறது அவர் சொன்ன பிறகு சேர்த்தது.

அப்புறம் ஒரு அறிவிப்பு. ஸ்டோர் ரூம் சாவி இப்ப என்கிட்ட இல்ல. போன மாசத்துலேர்ந்து வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. யார்னு கேக்காதீங்க, வெள்ளிக்கிழமை காலையில பார்த்தா சும்மா வணக்கம் மட்டும் சொல்லுங்க. இந்த வாரம் உபயக்காரர் 250 பேருக்குச் சொல்லியிருக்கார், உருளைக்கிழங்கு 20 கிலோ. உரிக்க ஆள் வேணும். 5.30-க்கு ஸ்டோர் திறந்திருக்கும். இன்னொரு சாவி என் மோட்டார் சாவியோட மாட்டியிருக்கு, அது அவருக்குத் தெரிய வேணாம்.